வாசகர் கேள்வி – பதில்: பயிற்சி கொடுப்பவர் யார், பதில் சொல்பவர் யார்?

ஒரு நாட்டு ராணுவம் இன்னொரு நாட்டின் போதைப்பொருள் தடுப்புப் படைக்கும் பயங்கரவாத எதிர்ப்புப் படைக்கும் பயிற்சி அளிப்பதைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: போதைப்பொருளைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. அதில் அமெரிக்க ராணுவம் ஏன் பிற நாடுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது? இது படை அனுப்புவதற்கு மறுபெயரா? — ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

பதில்: இரண்டுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு; நடைமுறையில் அந்த வேறுபாடு சில இடங்களில் தேய்ந்தும் போயிருக்கிறது. அமெரிக்காவுக்குள் ராணுவத்தைக் காவல் பணிக்குப் பயன்படுத்துவதை 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெரிதும் தடுக்கிறது. ஆனால் 1980-களில் கொக்கைன் வெள்ளமாக வந்து இறங்கியபோது, ராணுவத்தின் ரேடார், விமானம், கப்பல் ஆகியவற்றைப் போதைப்பொருள் தடுப்புக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1990-இல் நிறைவேறிய பாதுகாப்புச் செலவுச் சட்டத்தின் 1004-ஆம் பிரிவு, உள்நாட்டு, வெளிநாட்டுக் காவல் அமைப்புகளுக்குப் போதைப்பொருள் தடுப்பில் ராணுவம் உதவலாம் என்று வழி திறந்தது. அந்த உதவிகளில் ஒன்றுதான் பயிற்சி. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2006-ஆம் ஆண்டுக்கான சட்டத்தின் 1206-ஆம் பிரிவு பயங்கரவாத எதிர்ப்புக்காகப் பிற நாட்டுப் படைகளுக்குப் பயிற்சியும் தளவாடமும் தரும் அதிகாரத்தைப் பாதுகாப்புத் துறைக்கே கொடுத்தது. அதுவரை அத்தகைய உதவி பெரும்பாலும் வெளியுறவுத் துறையின் கையில் இருந்தது. 2016 இறுதியில் இந்த அதிகாரங்கள் ஒழுங்குபடுத்தப்பட்டு, இன்று ராணுவத்துக்கான சட்டத் தொகுப்பில் 284, 333 என்ற இரு பிரிவுகளின் கீழ் நடக்கின்றன.

ராஜதந்திரிகளின் கையிலிருந்த வேலை தளபதிகளின் கைக்கு மாறியது சிறிய மாற்றமன்று என்பது என் கருத்து. ஒரு தூதர், "இந்தப் படையை வளர்த்துவிட்டால் பத்தாண்டு கழித்து அந்த நாட்டில் யார் கை ஓங்கும்?" என்று கேட்கக் கடமைப்பட்டவர். தளபதியோ அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

கற்றுக்கொடுக்கப்படும் பாடங்களைப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். துப்பாக்கிப் பயிற்சி அதில் ஒரு பகுதிதான். ஹெலிகாப்டர் பராமரிப்பு, இரவு நேரத் தொலைநோக்கியைக் கையாளுதல், காயம்பட்டவரின் குருதிப்போக்கை நிறுத்துதல், கிடைத்த தகவல்களைக் கோத்து வலைப்பின்னலை வரைதல், வரைபடம் படித்தல், ஆங்கிலம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதுவும் போதைக் கும்பலுக்கு எதிராக மட்டுமே பயன்படும் என்று சொல்ல முடியாது. இதுதான் இந்த விஷயத்தின் மையச் சிக்கல்.

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவின் மோல்மீனில் வட்டிக்கடை வைக்கக் கடல் கடந்து போனவர், 1942-இல் ஜப்பானியர் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கால்நடையாக ஊர் திரும்பினார். அதனால் பர்மா பற்றிய செய்தி எதுவாக இருந்தாலும் எங்கள் வீட்டில் படித்துவிடுவோம். அங்கே அபினியை ஒழிக்க அமெரிக்கா ஹெலிகாப்டர் கொடுத்தது என்றும், அது வேறு வேலைக்குப் போயிற்று என்றும் படித்தேன். நடந்தது என்ன? — வாசகர், கண்டனூர்

பதில்: உங்கள் ஐயாவைப் போன்றோர் இருந்த கீழ் பர்மா நெல் வயல்களின் நாடு. அபினி விளைந்தது அங்கிருந்து வெகு தொலைவில், சீன, தாய்லாந்து எல்லைகளை ஒட்டிய ஷான் மலைகளில். (நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவும் அதே செடியின் விதைதான், விதையில் பெரிதாகப் போதை இல்லை, காயைக் கீறும்போது வடியும் பாலில்தான் இருக்கிறது.) 1949-இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் வென்றதும், அவர்களிடம் தோற்ற முந்தைய ஆளுங்கட்சியான கோமிண்டாங்கின் படையில் ஒரு பகுதி அந்த மலைகளில் புகுந்தது. சீனாவைத் திருப்பித் தாக்கட்டும் என்று அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. அந்தப் படைக்கு ரகசியமாக ஆயுதம் அனுப்பியது. சீனாவைத் தாக்கும் முயற்சிகள் தோற்றன. படை மலையிலேயே தங்கி, அபினி வணிகத்தில் வயிறு வளர்த்தது. பர்மிய அரசு 1953-இல் இதை ஐ.நா. பொதுச்சபை வரை கொண்டுசென்றது. பின்னாளில் 'அபினி மன்னன்' என்று பெயரெடுத்த குன் சாவும் இளமையில் அந்தப் படையினரோடு பழகித் தொழில் கற்றவரே.

அதே அமெரிக்கா 1970-களின் நடுவில் அபினியிலிருந்து எடுக்கப்படும் ஹெராயினைத் தடுக்கவென்று பர்மாவை ஆண்ட தளபதி நே வின் அரசுக்கு ஹெலிகாப்டர்களையும் பராமரிப்பு உதவியையும் பயிற்சியையும் தரத் தொடங்கியது. 1980-களின் நடுவில், அபினி வயல்களின் மேல் 2,4-டி என்ற களைக்கொல்லியை வானிலிருந்து தெளிக்கும் பணியும் சேர்ந்தது. ஷான், கரேன், கச்சின் இன மக்களுடன் அந்த அரசு அப்போது உள்நாட்டுப் போரில் இருந்தது. மலையில் பறக்கும் ஹெலிகாப்டர் அபினி வண்டியைத் தேடுகிறதா, கிளர்ச்சிப் படையைத் தேடுகிறதா என்று ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் அறிய முடியாத நிலை. அவை கிளர்ச்சிக்காரர்களுக்கு எதிராகப் பயன்பட்டன என்றும், களைக்கொல்லி விழுந்த இடத்தில் உணவுப் பயிரும் கால்நடையும் அழிந்தன என்றும் இன மக்களின் தலைவர்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். 1988-இல் மக்கள் எழுச்சியை ராணுவம் சுட்டு அடக்கியதும் அமெரிக்கா அந்த உதவியை நிறுத்தியது. மறு ஆண்டு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, பர்மாவில் நடந்த தடுப்பு முயற்சி பலனளிக்கவில்லை என்றே அறிக்கை தந்தது.

இன்று மியான்மரின் நிலை உங்களுக்குத் தெரிந்ததே. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மலைகளில் மீண்டும் அபினி பரவி, 2023-இல் ஆப்கானிஸ்தானை விஞ்சி உலகிலேயே அதிக அபினி விளையும் நாடு மியான்மர் என்று ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் கணித்தது. அந்த ஆண்டின் மதிப்பீடு 1,080 டன். கொடுக்கப்பட்ட ஹெலிகாப்டரும் பயிற்சியும் அந்த மலைகளின் அடிப்படைக் கேள்வியை, அதாவது ஷான் விவசாயிக்கு அபினியைத் தவிர விற்றுப் பிழைக்க வேறென்ன இருக்கிறது என்பதை, தொடவே இல்லை.

கேள்வி: பயிற்சியால் எங்குமே பயன் விளையவில்லையா? கொலம்பியாவை வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்களே? — முதுகலை மாணவி, அழகப்பா பல்கலைக்கழகம்

பதில்: கொலம்பியாவை வெற்றி என்று சொல்வோரிடமும் தோல்வி என்று சொல்வோரிடமும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்த 'பிளான் கொலம்பியா' திட்டத்தின் முதல் தொகுப்பு ஏறத்தாழ 130 கோடி டாலர். அமெரிக்கச் சிறப்புப் படையினர் கொலம்பிய ராணுவத்தில் போதைப்பொருள் தடுப்புக்கென்றே தனிப் பட்டாலியன்களை உருவாக்கிப் பயிற்சி அளித்தார்கள், ஹெலிகாப்டர்களும் வந்தன. தொடக்கத்தில், இந்த உதவியைப் போதைப்பொருளுக்கு எதிராகத்தான் பயன்படுத்த வேண்டும், உள்நாட்டுக் கிளர்ச்சிக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரம்பு வைத்திருந்தது. 2002-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டு, போதைக் கும்பல்களுக்கும் பயங்கரவாதப் பட்டியலில் இருந்த அமைப்புகளுக்கும் எதிரான ஒரே போராட்டமாக அது மாற்றப்பட்டது. போதைப்பொருள் தடுப்புக்கென்று நுழைந்த பயிற்சி, இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போரின் கருவியாயிற்று.

அந்தக் கருவி வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. ஃபார்க் கிளர்ச்சி அமைப்பு பின்வாங்கியது. நெடுஞ்சாலைகளில் ஆள் கடத்தல் பெருமளவு குறைந்தது. 2016-இல் அந்த அமைப்பு அரசுடன் சமாதான ஒப்பந்தம் செய்து ஆயுதத்தைக் கீழே வைத்தது. மக்கள் அச்சமின்றிப் பயணம் செய்ய முடிந்ததைச் சிறிய பயனென்று நான் எண்ணவில்லை.

ஆனால் திட்டம் எதற்காகத் தொடங்கியதோ அந்தக் கணக்கைப் பாருங்கள். ஐ.நா. கணிப்பின்படி 2000-இல் கொலம்பியாவில் கோக்கா (கொக்கைன் எடுக்கப்படும் செடி) பயிரிடப்பட்ட பரப்பு சுமார் 1,63,000 ஹெக்டேர். 2012-இல் அது 48,000 ஹெக்டேராக இறங்கியது. 2022-இல் 2,30,000 ஹெக்டேராக ஏறி, தொடங்கிய இடத்தையும் தாண்டிவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. எழுதவே மனம் கூசுகிறது. கொன்ற கிளர்ச்சிக்காரர்களின் எண்ணிக்கையைக் கொண்டு படைப்பிரிவுகள் மதிப்பிடப்பட்ட அந்த ஆண்டுகளில், வீரர்களுக்கு விடுப்பும் பாராட்டும் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே கிடைத்தன. அதன் விளைவாக, தலைநகர் பொகோட்டாவை ஒட்டிய சோவாச்சா போன்ற ஏழைக் குடியிருப்புகளிலிருந்து இளைஞர்கள், வெளியூரில் வேலை இருக்கிறது என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, சுட்டுக் கொல்லப்பட்டு, கிளர்ச்சிக்காரர் சீருடை அணிவிக்கப்பட்டு, போரில் வீழ்ந்தவர்களாகக் கணக்கில் ஏற்றப்பட்டார்கள். 2002 முதல் 2008 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 6,402 பேர் என்று, சமாதான ஒப்பந்தத்தின்படி அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2021-இல் அறிவித்தது. பல ஆண்டுகள் அந்தத் தாய்மார்கள் படத்தைக் கையில் ஏந்தித் தெருவில் நின்றதால்தான் அந்த எண்ணிக்கையாவது வெளியே வந்தது.

இத்தகைய கொடுமைகளைத் தடுக்க அமெரிக்காவில் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. செனட்டர் பேட்ரிக் லேஹி 1997-இல் கொண்டுவந்த விதி, கொடிய மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தக்க தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி தரக்கூடாது என்கிறது; அது முதலில் போதைப்பொருள் தடுப்பு நிதிக்கே விதிக்கப்பட்டு, பிறகு விரிவாக்கப்பட்டது. பயிற்சிக்கு வருபவரின் பெயரும் பிரிவும் முன்கூட்டியே சரிபார்க்கப்படுகின்றன. நல்ல விதிதான். ஆயினும் அது முன்பு செய்த குற்றத்தைப் பார்க்கிறதே தவிர, பயிற்சி முடித்துப் போனவர் நாளை செய்யப்போவதைப் பார்ப்பதற்கு அதில் வழியில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த கடனைப் பேரேட்டில் எழுதி, வரவு வரும்வரை பக்கத்தை மூட மாட்டார்கள். படைப் பயிற்சியிலோ சான்றிதழ் கொடுக்கும் நாளிலேயே பக்கம் மூடப்பட்டுவிடுகிறது.

கேள்வி: பயிற்சி பெற்ற அதிகாரிகளே பிறகு ஆட்சியைக் கவிழ்த்த நிகழ்ச்சிகள் உண்டா? — வாசகர், கோட்டையூர்

பதில்: உண்டு. மாலியில் 2012-இல் ஆட்சியைப் பிடித்த கேப்டன் அமாடூ சனோகோ அமெரிக்காவில் பல முறை பயிற்சி பெற்றவர். 2023-இல் நைஜரில் ஆட்சியைக் கவிழ்த்தவர்களுடன் சேர்ந்த தளபதி மூசா பார்மூவும் அமெரிக்கப் பயிற்சி பெற்றவரே. எனினும் பயிற்சிதான் கவிழ்ப்புக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் நாடாளுமன்றமும் நலிந்து கிடக்கும் நாட்டில் ஒரு சிறப்புப் படை மட்டும் வலுவாக நின்றால், எல்லாத் தகராறுகளுக்கும் தீர்வு அதன் கையில் இருப்பதாக அது எண்ணத் தொடங்குவது இயல்பு.

கேள்வி: இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? — வாசகர், புதுவயல்

பதில்: பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸில் இருந்து விலகியவர்கள் நடத்திய கே.எம்.எஸ். என்ற தனியார் நிறுவனம், 1984 முதல் அந்தப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. சிறப்பு அதிரடிப் படை காவல்துறையின் பிரிவாகத் தொடங்கப்பட்டதென்றாலும், கிழக்கு மாகாணத்துத் தமிழ் மக்கள் அதன் பெயரை எந்த அச்சத்தோடு சொன்னார்கள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரசு அனுப்பும் பயிற்றுநரென்றால் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் கேள்வியாவது எழுப்பலாம். தனியார் நிறுவனம் இடையில் நின்றபோது, "அது வணிக ஒப்பந்தம்" என்று பிரிட்டிஷ் அரசு ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. அந்த நிறுவனத்தினர் மீதான போர்க்குற்றப் புகார்கள் குறித்து லண்டன் பெருநகரக் காவல்துறை 2020-இல்தான் விசாரணை தொடங்கியது. அன்றைய அதிரடிப் படை இன்று இலங்கையில் போதைப்பொருள் சோதனைகளிலும் ஈடுபடுகிறது.

கேள்வி: அமெரிக்காவைக் குறை சொல்கிறோம், இந்தியா பிற நாட்டுப் படைகளுக்குப் பயிற்சி தருவதில்லையா? — வழக்கறிஞர், தேவகோட்டை

பதில்: தருகிறது, நீண்ட காலமாகவே தருகிறது. மிசோரமின் வைரெங்டேயில் உள்ள காட்டுப் போர்ப் பயிற்சிப் பள்ளிக்கு அமெரிக்கா உட்படப் பல நாட்டு வீரர்கள் வந்து கற்கிறார்கள். குன்னூரை அடுத்த வெலிங்டன் கல்லூரியில் ஆண்டுதோறும் வெளிநாட்டு அதிகாரிகள் படிக்கிறார்கள். சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் ஆப்கானிஸ்தானின் பெண் அதிகாரிகள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அவர்களுடைய நாட்டில் 2021-இல் தாலிபான் ஆட்சி வந்தபின் அந்தப் பெண்களின் சீருடைக்கு இடமில்லாமல் போயிற்று. அதே ஆட்சியில் வெளியுறவுத் துணை அமைச்சராக அமர்ந்த ஷேர் முகம்மது அப்பாஸ் ஸ்டானிக்சாய், 1980-களின் தொடக்கத்தில் டேராடூனில் உள்ள நம் ராணுவ அகாடமியில் பயின்றவர். சோவியத் ஆதரவு அரசின் ராணுவத்துக்கு அதிகாரியாக அவரை நாம் உருவாக்கினோம். அவரோ நாடு திரும்பி, சோவியத் படையை எதிர்த்துப் போரிட்ட முஜாகிதீன்களுடன் சேர்ந்து, பின்னர் தாலிபானில் உயர்ந்தார்.

2012-இல் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி அளிக்கப்படுவது தெரியவந்து, தமிழ்நாடு அரசும் கட்சிகளும் ஒரே குரலில் எதிர்த்ததும், அவர்கள் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். பயிற்சி நின்றுவிடவில்லை, இடம் மாறியது. எந்தப் பிரிவினர் வந்தார்கள், 2009-இல் அந்தப் பிரிவு என்ன செய்தது என்ற கேள்வியை நம் நாடாளுமன்றத்தில் கேட்டுப் பதில் பெற ஒரு விதி வேண்டும். லேஹி விதியைப் போன்றதொரு சட்டம் இந்தியாவில் இல்லை என்பதுதான் எனக்குள்ள பெரிய குறை.

கேள்வி: என் மகன் சிவகங்கையை அடுத்த இலுப்பைக்குடியில் உள்ள இந்தோ–திபெத் எல்லைக் காவல் படை மையத்தில் பயிற்சியில் இருக்கிறான். அவர்களை வெளிநாட்டுக்கும் அனுப்புவார்களா? — ஒரு தாயார், பள்ளத்தூர்

பதில்: அம்மா, பயிற்சி முடித்ததும் பெரும்பாலோர் செல்வது இமயமலை எல்லைக்குத்தான். வெளிநாட்டுப் பணி அனுபவம் உள்ளவர்களுக்கே தரப்படுவது வழக்கம். ஆப்கானிஸ்தானில் நம் தூதரகங்களைக் காத்தவர்கள் இந்தப் படையினர். 2008 ஜூலையில் காபூல் தூதரகத்தின்மேல் நடந்த தாக்குதலில் இறந்தவர்களுள் அவர்களில் இருவரும் அடங்குவர். உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: தொண்டியில் எனக்கு மீன் வியாபாரம். எங்கள் கடலில் போதைப்பொருள் போகிறது என்று அடிக்கடி படகுகளைச் சோதிக்கிறார்கள். அப்படிச் சோதிப்பவர்களுக்கு வெளிநாட்டுப் பயிற்சி உண்டா? சந்தேகப் படகைக் கண்டால் மீனவர் யாரிடம் சொல்ல வேண்டும்? — வாசகர், தேவகோட்டை

பதில்: கடல் விஷயத்தில் கூட்டுப் பயிற்சி எனக்கு உடன்பாடானது, காரணத்தைச் சொல்கிறேன். 2021 மார்ச்சில் லட்சத்தீவின் மினிக்காய் தீவுக்கு அப்பால் 'ரவிஹன்சி' என்ற இலங்கை மீன்பிடிப் படகை நம் கடலோரக் காவல் படை மறித்தபோது, 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏ.கே.47 துப்பாக்கிகளும் கிடைத்தன. போதைப்பொருளும் ஆயுதமும் ஒரே படகில் வருவதென்றால், அதைத் தடுக்க மூன்று நாட்டுப் படகுகளும் ஒருவர் மொழியை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவும் மாலத்தீவும் 1991 முதல் நடத்திவரும் 'தோஸ்தி' பயிற்சியில் இலங்கை 2012-இல் சேர்ந்தது அதற்கு உதவியிருக்கிறது.

நடுக்கடலில் படகில் ஏறிச் சோதிப்பது தனிக் கலை. முதலில் ஏறுபவர்கள் படகில் உள்ளவர்களை ஓரிடத்தில் அமரவைத்து, கைகள் கண்ணுக்குத் தெரியும்படி பார்த்துக்கொள்வார்கள். அடுத்தவர்கள் ஐஸ் பெட்டி, மீன் அறை, டீசல் தொட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை உள்ளேயும் வெளியேயும் அளப்பார்கள். இரண்டு அளவுக்கும் இடையே கணக்கில் வராத இடைவெளி இருந்தால் அங்கே மறைவறை இருக்கிறது என்று பொருள். இதைச் சரியாகக் கற்றவர் பலகையைக் கோடரியால் பிளக்க மாட்டார், பிடித்த மீனைக் கடலில் கொட்ட மாட்டார். முத்திரையிடுவது, எடைபோடுவது, மாதிரி எடுப்பது ஆகியவற்றில் தவறு நேர்ந்தால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வழக்கு நிற்காமல் போகலாம். ஒருவரின் உடலைச் சோதிக்கும்முன், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லியாக வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி இந்தப் பொறுமையிலும் நடைமுறையிலும் அமைய வேண்டும் என்பதே என் விருப்பம். சோதனையில் வலை கிழிந்தாலோ, மீன் கெட்டாலோ, எழுத்தில் முறையிட்டு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தேகப் படகைக் கண்டால் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணிலோ, இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணிலோ சொல்லலாம். கரையில் போதைப்பொருள் விற்பனை பற்றிய தகவலென்றால் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் 1933 எண் இருக்கிறது. பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். படகின் நிறம், பதிவு எண், போகும் திசை, பார்த்த நேரம் ஆகிய நான்கையும் சொன்னால் போதும். அருகில் போய்ப் பார்க்க முயல வேண்டாம்.